புளியரை வளைவில் இரண்டு சிலிண்டர்கள்

செங்கோட்டையில் காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் நின்று பாருங்கள். குட்டி யானை ஒன்று பின்கதவு திறந்து நிற்கும். ஸ்கொயர் பைப்பும் சி சேனலும் நீளவாக்கில் ஏறியிருக்கும். அதற்கு மேல் வெல்டிங் மெஷின், கிரைண்டர், ஜெனரேட்டர், கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோல், ஒரு டப்பா தின்னர், ரெட் ஆக்சைடு. மிச்ச இடத்தில் கறுப்பு சிலிண்டர் ஒன்றும் மெரூன் சிலிண்டர் ஒன்றும் பைப்புகளின் மேல் படுத்துக் கிடக்கும். ஒரே சுற்று நைலான் கயிறு. போகிற இடம் தென்மலையாக இருக்கும், இல்லாவிட்டால் புனலூர். மொட்டை மாடிக்கு மேல் ட்ரஸ் போட்டு ஷீட் வேய்கிற வேலை. கேரளத்தில் மழை பெய்கிறவரை அந்த வேலைக்கு ஓய்வு கிடையாது.

அப்படிப்பட்ட வண்டியில் நானும் பதினோரு வருடம் போய் வந்திருக்கிறேன், பல நாள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு. ஒரு சாரல் காலத்தில் புளியரை எஸ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே இறங்கிய லாரி வளைவை அகலமாக எடுத்தது. எங்கள் டிரைவர் பிரேக்கை மிதித்தார். மெரூன் சிலிண்டர் நனைந்த கயிற்றுக்குள்ளிருந்து சோப்புக்கட்டி மாதிரி நழுவி, முன்னால் இருந்த ஜெனரேட்டரின் இரும்புச் சட்டத்தில் போய் இடித்தது. முதல் நாள் வேலை முடிந்து ரெகுலேட்டரைக் கழற்றாமல் விட்டிருந்தோம். மீட்டர் கண்ணாடி நொறுங்கி முள் மடங்கிப் போனது. வால்வை மட்டும் சாவி போட்டு இறுக்க மூடி, சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தான் ஹெல்ப்பர் பையன். கேஸ் வரவில்லை. அன்று மத்தியானம் அவனுக்கு ஆரியங்காவில் மீன் பொரிப்போடு சாப்பாடு, என் செலவில்.

இதைக் கேட்ட எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சிலிண்டர் வெடிச்சிருந்தா?" இரும்பு உடல் வெடிப்பது இந்தத் தொழிலில் கடைசியாக நடக்கக்கூடிய காரியம். அதற்கு முன்னால் நடக்கக்கூடியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லை.

கறுப்பு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அது தொழிற்சாலை ஆக்சிஜன். மருத்துவமனைக்குப் போவது என்றால் கறுப்பு உடலில் தோள்பட்டை மட்டும் வெள்ளையாக இருக்கும். நாம் வாங்குகிற பெரிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 47 லிட்டர். அதற்குள் ஏழு கன மீட்டர் ஆக்சிஜனை 150 பார் அழுத்தத்தில் திணித்திருக்கிறார்கள். கார் டயரில் நாம் அடிக்கிற காற்றைவிட ஏறத்தாழ எழுபது மடங்கு. வெறும் சிலிண்டரே ஐம்பது கிலோவுக்கு மேல், கேஸோடு அறுபதைத் தொடும். அந்த இரும்பைச் சோதிப்பது 250 பாரில்; ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்து, தேதியைக் கழுத்தில் குத்துகிறார்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள் அறுபது டிகிரி சூடு ஏறினாலும் அழுத்தம் 175 பாரைத் தாண்டாது. ஆக, தேதி தவறாத சிலிண்டர் வெயிலில் நின்றதற்காக மட்டும் வெடித்துவிடாது.

பலவீனம் அதன் தலையில் இருக்கிறது. பித்தளை வால்வு, கட்டைவிரல் பருமனில் ஒரு கழுத்து. சிலிண்டர் சாய்ந்து விழும்போது முதலில் அடி வாங்குவது அதுதான். வால்வு முறிந்தால் 150 பார் கேஸ் அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் பீறிட்டு, அறுபது கிலோ இரும்பை வாணம் மாதிரி கிளப்பிவிடும். சுவர் தடுக்காது. இதற்காகத்தான் வால்வுக்கு மேல் கேப் என்று ஒன்று வருகிறது. வருகிறது என்று சொல்கிறேனே தவிர, கடையிலிருந்து எங்களுக்கு வந்த சிலிண்டர்களில் பாதிக்குக் கேப் இருந்ததில்லை. கேப் இல்லாததை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது கடைக்காரருக்குப் பிடிக்காது. கேட்டே ஆக வேண்டும். லாரியிலிருந்து சிலிண்டரைப் பழைய டயர் மேல் 'தொப்'பென்று போட்டு இறக்குகிற வழக்கமும் அந்த வால்வுக்கு எதிரிதான்.

மெரூன் சிலிண்டர் வேறு ஜாதி. அசிட்டிலின்; பட்டறைப் பேச்சில் டி.ஏ. மாங்காய் பழுக்க வைக்கிறார்களே கார்பைடு கல், தண்ணீர் பட்டால் அதிலிருந்து வருகிற அதே வாயு. சுத்தமான அசிட்டிலினுக்குப் பெரிய வாடை இல்லை. கலந்திருக்கும் மாசினால் பூண்டு நாற்றம் அடிக்கும். இந்த வாயுவுக்கு ஒரு துர்க்குணம் உண்டு. ஆக்சிஜனோ காற்றோ இல்லாமலே, தன்னந்தனியாக இருக்கும்போதே, அழுத்தம் கூடினால் கார்பனும் ஹைட்ரஜனுமாகச் சிதறி வெடிக்கும். அதனால்தான் ஹோஸில் ஒரு பாருக்கு மேல் அசிட்டிலினை விடவே கூடாது என்பது தொழிலின் விதி.

அப்படியானால் சிலிண்டருக்குள் மட்டும் பதினைந்து பார் எப்படி நிற்கிறது? உள்ளே இருப்பது வெற்றிடம் இல்லை. ரஸ்க் ரொட்டி மாதிரி நுண்துளைகள் நிறைந்த ஒரு கெட்டிப் பொருள் சிலிண்டரை முழுக்க அடைத்திருக்கிறது. அந்தத் துளைகளில் அசிட்டோன் ஊறியிருக்கிறது. அசிட்டோனில் அசிட்டிலின் கரைந்திருக்கிறது, சோடாவில் கேஸ் கரைந்திருப்பது போல. ஒரு லிட்டர் அசிட்டோன் சாதாரண அழுத்தத்தில் சுமார் 25 லிட்டர் அசிட்டிலினைக் குடிக்கும்; பன்னிரண்டு மடங்கு அழுத்தத்தில் 300 லிட்டர். 1890-களின் பிற்பகுதியில் பிரான்ஸில் ஜார்ஜ் கிளாடும் ஆல்பர் ஹெஸ்ஸும் கண்ட வழி இது. துளைப்பொருளைச் செம்மையாக்கியவர்களில் முக்கியமானவர் சுவீடனின் குஸ்தாஃப் டாலன். கலங்கரை விளக்குகளின் கேஸைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவிகளைக் கண்டுபிடித்ததற்காக 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அதே வருடம் ஒரு சோதனையின்போது அசிட்டிலின் வெடித்து அவர் இரண்டு கண்ணையும் இழந்தார். பரிசை அவர் சார்பில் அண்ணன்தான் போய் வாங்கினார். இந்த வாயுவை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்று உலகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், படுக்க வைத்த சோடா பாட்டிலைத் திறந்தால் கேஸ் வருமா, தண்ணீர் வருமா? அதேதான். டி.ஏ. சிலிண்டரைப் படுக்கப் போட்டால் அசிட்டோன் வால்வுப் பக்கம் வந்துவிடும். அந்த நிலையில் திறந்தால் அசிட்டோன் ரெகுலேட்டருக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் பாய்கிறது. ரப்பர் கெடுகிறது, தீ கன்னாபின்னாவென்று எரிகிறது. பெரிய கெடுதல் கண்ணுக்குத் தெரியாது: அசிட்டோன் குறைந்த சிலிண்டரில் அடுத்த முறை நிரப்புகிற அசிட்டிலினைக் கட்டிப்பிடிக்கப் போதுமான திரவம் இருக்காது. ஆகவே டி.ஏ. நின்றுகொண்டுதான் பயணம் செய்ய வேண்டும். வழியில் எப்படியோ படுத்துவிட்டது என்றால், எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்த பிறகே வால்வில் கை வைக்கலாம். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. லாரி வரிசையில் மாட்டினால் இரண்டரை மணி நேரம்கூட ஆகும். படுத்தே வந்த டி.ஏ.வை இறக்கிய கையோடு பற்ற வைக்கிற பட்டறைகள் எத்தனை என்று எண்ணினால் தலை சுற்றும். எங்கள் பட்டறையும் ஒரு காலத்தில் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த எரிவாயு சிலிண்டர் விதிகள் இதற்கு அடிப்படை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்கிற மத்திய அமைப்பு இதைக் கவனிக்கிறது. நிரப்பிய சிலிண்டரை சைக்கிளிலோ இருசக்கர வாகனத்திலோ கொண்டுபோகக் கூடாது. வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உள்ளே கூர்மையான இரும்பு எதுவும் துருத்தக் கூடாது. அசையாமலும் ஒன்றோடொன்று மோதாமலும் முட்டுக்கொடுத்துக் கட்ட வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருளோடு ஏற்றக் கூடாது. நாம் பார்த்த குட்டி யானையில் பெட்ரோல் கேனும் தின்னரும் எங்கே இருந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதி இருக்கிறது. தீப்பற்றும் வாயுவுள்ள சிலிண்டரை வேறு வகை வாயு சிலிண்டரோடு சேர்த்துக் கொண்டுபோகக் கூடாது. அதாவது கறுப்பும் மெரூனும் ஒரே வண்டியில் போகக் கூடாது. சாவடியில் யாராவது இதை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் இந்தப் பாதையில் ஒரு கட்டிங் செட்கூட மலை ஏறாது. இரும்பை வெட்டும் டார்ச்சுக்கு இரண்டும் வேண்டும், பட்டறையிடம் இருப்பது ஒரு வண்டி. விதியின் காரணம் நியாயமானது: ஒன்றில் கசிந்து பற்றும் தீயை மற்றொன்று ஊதிப் பெரிதாக்கும். ஆனால் ஒரு வண்டிக்காரனுக்கு அது மற்றொரு வண்டியைக் கொடுப்பதில்லை.

என்னைக் கேட்டால் இந்தச் சிக்கலின் பாதி நாமே உண்டாக்கியது. ட்ரஸ் வேலையில் ஸ்கொயர் பைப்பை வெட்டுவது கட்டிங் மெஷின், ஒட்டுவது ராடு வெல்டிங். கேஸ் எப்போது வேண்டும்? தடித்த பிளேட் வெட்ட, பழைய கர்டரைப் பிரிக்க, துருப்பிடித்து இறுகிய நட்டைச் சூடாக்க. மாதத்தில் நாலைந்து நாள். மற்ற நாட்களில் அந்த இரண்டு சிலிண்டரும் வெறும் பயணிகளாகப் போய்த் திரும்புகின்றன. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஏற்றுகிறோம். அந்த 'எதுக்கும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஆபத்தில் பெரும்பகுதி பட்டறையிலேயே நின்றுவிடும்.

அப்படியும் வேண்டும் என்கிற நாளில், பெரிய வேலையாக இருந்தால் புனலூர்ப் பக்கத்துக் கடையிலேயே எடுப்பது உத்தமம். அதில் ஒரு தொல்லை உண்டு. சிலிண்டர் நம்முடையது கிடையாது. டெபாசிட் கட்டி வாடகைக்கு வாங்கியது. செங்கோட்டைக் கடையின் காலி சிலிண்டரைப் புனலூர்க் கடைக்காரர் வாங்கிக்கொண்டு நிரம்பியதைத் தரமாட்டார். அங்கே தனியாக ஒரு டெபாசிட் கட்ட வேண்டும். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான், இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள், இரண்டு பக்கமும் இரண்டு மொழியும் ஓடும். சிலிண்டருக்கு மட்டும் எல்லை கறாராக இருக்கிறது. அங்கே அதற்குப் பெயரே வேறு, கேஸ் குற்றி. ஆனால் வருடத்தில் பாதி நாள் அந்தப் பக்கமே வேலை என்றால் அந்த இரண்டாவது டெபாசிட் நஷ்டம் ஆகாது. கடை வண்டியே சைட்டில் இறக்கிவிட்டும் போகும்.

இனி, பொருள் ஏற்றும் வண்டி எது என்பது. திறந்த குட்டி யானைக்கு நான் ஆதரவு. ஆம்னி, மூடிய வேன், கார் டிக்கி இவற்றுக்கு முழு எதிர்ப்பு. காரணம் கணக்கில் இருக்கிறது. ஆம்னியின் உட்புறம் ஏறக்குறைய நாலு கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் இரண்டரை சதவீதம் அசிட்டிலின் கலந்தால் போதும், பொறி பட்டதும் வெடிக்கும். அதாவது நூறு லிட்டர். நிரம்பிய டி.ஏ.வில் ஆறாயிரம் லிட்டர் அளவுக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிகிற வால்வு, வேனைப் பூட்டிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கி எழுவதற்குள் அந்த அளவைப் பலமுறை தாண்டிவிடும். காலையில் கதவைத் திறக்கிறோம். கதவு சுவிட்ச், உள்விளக்கு, சென்ட்ரல் லாக் ரிலே, ஏதாவது ஒன்றில் ஒரு சின்னப் பொறி. ஆஸ்திரேலியாவில் பிளம்பர்களின் வேன்கள் இப்படியே சிதறியிருக்கின்றன; அங்குள்ள பணிப் பாதுகாப்பு அமைப்புகள் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றன. அசிட்டிலினின் எரியும் எல்லையும் விபரீதமானது: இரண்டரை சதவீதத்தில் தொடங்கி எண்பது சதவீதம் தாண்டும்வரை பற்றும்.

செலவு குறைவு என்று பலர் இப்போது டி.ஏ.வை விட்டு எல்.பி.ஜி.க்கு மாறிவிட்டார்கள். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் வண்டியின் தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும். அதே ஆம்னியை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர இருநூறு கிராம்கூடத் தேவையில்லை. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கட்டிங்குக்கு எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது தனிக் கதை.

ஆக்சிஜன் கசிந்தால் என்ன, சுவாசிக்கிற காற்றுதானே என்று சொல்பவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை அந்த ஆம்னிக்குள் 25 ஆக்க இருநூறு லிட்டர் போதும்; சிலிண்டரில் ஏழாயிரம் இருக்கிறது. அந்தக் காற்றில் பீடி பற்ற வைத்தால் சட்டை திகுதிகுவென்று பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் கிரீஸும் அழுத்தமான ஆக்சிஜனோடு சேர்ந்தால் நெருப்பு வைக்காமலே பற்றும். ஆகவே டீசல் கறை படிந்த தார்ப்பாயை வால்வு மேல் போர்த்தாதீர்கள். இறுகிய வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற கை வைத்தியம் வேண்டவே வேண்டாம். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் எரியாது. ஆனால் மூடிய வண்டியில் கசிந்தால் மூச்சுக்காற்று குறைந்து டிரைவர் வளைவில் தூங்கிப்போவார்.

கட்டுவது எப்படி என்பதற்கு வருவோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலோ மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அறுபது கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 750 கிலோ பாரத்தோடு முன்னால் தள்ளும். நனைந்தால் நீளுகிற நைலான் கயிறு அதை எங்கே பிடிக்கும்? ஊரில் எல்லார் வீட்டுக்கும் கேட் செய்து மாட்டுகிற நாங்கள், சொந்த வண்டிக்கு ஒரு சிலிண்டர் ஸ்டாண்டு செய்யாமல் இருந்தது வெட்கம். அந்த ரெகுலேட்டர் உடைந்த வாரமே செய்தோம். கேபினுக்குப் பின்னால், தடுப்போடு ஒட்டி, நாற்பது எம்.எம். ஆங்கிளில் இரண்டு அறை. அடியில் சிலிண்டர் நழுவாதபடி நாலு பக்கமும் உதடு. உள்பக்கம் பழைய ட்யூப் ரப்பர். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு ராட்செட் பெல்ட், தோளுக்குச் சற்றுக் கீழே இன்னொன்று. வால்வைச் சுற்றிக் கட்டவே கூடாது. இரண்டு அறைக்கும் நடுவே கனமான ஒரு பிளேட். பைப்பை எதிர்ப்பக்கம் ஒதுக்கி, பெட்ரோல் கேனையும் தின்னரையும் அந்த வண்டியில் ஏற்றுவதை அடியோடு நிறுத்தினோம். அதைச் சைட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினால் ஆகாதா? ஸ்டாண்டு வெல்டிங் எல்லாம் சிலிண்டர் வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சிலிண்டர் உடம்பில் ராடு ஒருதரம் தொட்டாலும் அந்த இடத்து இரும்பு கெட்டது.

ரெகுலேட்டர் விஷயத்தில்தான் தினமும் சண்டை.

"அண்ணாச்சி, நாளைக்கும் இதே வேலதான? கழட்டணுமா?"

"கழட்டுலே. கழட்டி, கேப்ப மாட்டிட்டு ஏத்து."

மாட்டக் கழற்ற ஐந்து நிமிடம். மாட்டியபடி ஏற்றினால், வால்வுக்கு மேல் பித்தளை நெம்புகோல் ஒன்றை நாமே செருகி வைத்த மாதிரி. காலி சிலிண்டருக்கும் இதே மரியாதை. காலி என்று நாம் சொல்வதில் அழுத்தம் மிச்சம் இருக்கும், டி.ஏ.வில் அசிட்டோன் முழுக்க இருக்கும்.

லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் நிழல் பார்த்து நிறுத்துவது நல்லது. ஆக்சிஜன் தாங்கும், டி.ஏ.வில் சுமார் நூறு டிகிரியில் உருகுகிற பாதுகாப்பு அடைப்பு இருக்கிறது. பக்கத்து வண்டியில் தீப்பிடித்தால் அது உருகிக் கேஸ் வெளியேறிப் பற்றும். தீயில் சுட்ட டி.ஏ.வைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வெளியே தீ அணைந்த பிறகும் உள்ளே சிதைவு மெல்ல நடந்துகொண்டிருக்கலாம். தொடாமல், நகர்த்தாமல், விலகி நின்று, தீயணைப்புக்காரர்கள் மறைவிலிருந்து மணிக்கணக்கில் தண்ணீர் அடிக்க வேண்டிய விஷயம் அது. 112-க்குப் போன் போடும்போது 'கேஸ் சிலிண்டர்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சமையல் கேஸ் என்றுதான் நினைப்பார்கள். 'அசிட்டிலின்' என்ற சொல் முதலில் வர வேண்டும். மலையாளத்திலும் அதே சொல்தான், புரியும்.

சைட்டில் இறக்கியதும் செய்வது சின்ன வேலை. கறுப்பைச் சுவரோரம் நிறுத்திச் சங்கிலி போடுகிறோம். மெரூனை ஏழடி தள்ளி நிறுத்துகிறோம். நின்றே வந்ததால் காத்திருக்கத் தேவையில்லை, ஆனாலும் பையன் டீ வாங்கி வரும்வரை விடுகிறோம். ரெகுலேட்டரைப் பூட்டுகிறோம், ஆக்சிஜன் நட்டு வலப்பக்கம் இறுகும், டி.ஏ. இடப்பக்கம். இறுகிய பிறகு ஒரு கப்பில் சோப்புத் தண்ணீர், பழைய பிரஷ். கழுத்தில் தடவிக் குனிந்து பார்க்கிறான் பையன். குமிழி ஒன்று ஊதி, பெரிதாகி, உடைகிறது. இன்னொன்று. நட்டை அரைத் திருகு இறுக்குகிறான். மறுபடி தடவுகிறான். இந்த முறை நுரை அப்படியே வழிகிறது.